கடை வந்தால் ஊர் வளருமா? வாசகர் கேள்வி-பதில்

சிறு நகரங்களில் புதுக் கடைகளும் வணிக வளாகங்களும் பெருகுவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கடைத்தெருவில் இருபது வருடமாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். இப்போது புறவழிச் சாலையில் பெரிய வளாகம் எழும்புகிறது. ஊர் வளர்கிறது, சந்தோஷப்படு என்கிறார்கள். எனக்கோ ராத்திரி தூக்கம் வரவில்லை. பயப்படுவது சரிதானா?

பதில்: பாதி சரி. புதுக் கடை திறந்தது என்பதற்காக ஊர்க்காரர்களின் பையில் பணம் கூடிவிடுவதில்லை. வருடத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குகிறவர் வளாகம் வந்துவிட்டதே என்று இரண்டு ஜோடி வாங்கப் போவதில்லை (கிரெடிட் கார்டு வைத்திருக்கும் சிலர் வாங்குவார்கள், அவர்களை விடுங்கள்). ஆக, அங்கே கல்லாவில் விழப்போகும் பணம் இதுவரை வேறு எங்கோ விழுந்துகொண்டிருந்த பணம். அது எங்கே என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பக்கத்துப் பெரிய ஊருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இனி உள்ளூரிலேயே வாங்கினால் அது வளர்ச்சி. உங்கள் தெருவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கினால் அது வெறும் இடமாற்றம். ஆனால் திறப்பு விழாவில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ரிப்பன் வெட்டுவார்கள்.

இதற்கு வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் 1931-லேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நியூட்டனின் ஈர்ப்பு விதியை அப்படியே கடைகளுக்குத் திருப்பிவிட்ட மாதிரி இருக்கும்: ஊர் பெரிதானால் இழுவை கூடும், தூரம் கூடினால் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவை குறையும். 40,000 பேர் உள்ள ஊரும் 1,60,000 பேர் உள்ள ஊரும் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால், சின்ன ஊரின் இழுவை தன்னிடமிருந்து 10 கிலோமீட்டர் வரைக்கும்தான், மீதி 20 கிலோமீட்டரில் இருப்பவர்கள் பெரிய ஊருக்குப் போவார்கள் என்று சொல்லும் அந்தக் கணக்கு. முரட்டுக் கணக்குதான், ரோடு எப்படி, பஸ் உண்டா என்றெல்லாம் பார்க்காது. ஆனாலும் ஊரின் இழுவை முடிகிற அந்த எல்லைக்கோட்டைத் தள்ளிவைக்கிற கடை எது, கோட்டுக்கு உள்ளேயே இருப்பதைப் பங்கு போடுகிற கடை எது என்று பிரித்துப் பார்க்க உதவும்.

அப்புறம், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் செய்த வேலை உங்களுக்கு நேரடியாகவே உபயோகப்படும். வால்மார்ட் வந்த சிறு ஊர்களின் விற்பனைக் கணக்கை அவர் வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். பெரிய கடை விற்கும் அதே சாமான்களை விற்ற கடைகள் அடிவாங்கின. அது விற்காத சாமான்களை விற்ற கடைகளுக்கு, அறைகலன் கடை மாதிரி, வியாபாரம் கூடவே செய்தது, ஏனென்றால் வெளியூர்க் கூட்டம் ஊருக்குள் வர ஆரம்பித்தது. பலமாக அடிபட்டவர்கள் பக்கத்தில் இருந்த, பெரிய கடையே வராத குட்டி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரில் யாரும் ரிப்பன் வெட்டவில்லை, பணம் மட்டும் போய்விட்டது.

ஆகவே உங்கள் அலமாரியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அங்கே விற்கப்போகும் அதே பெட்டி, அதே பிராண்ட் உங்களிடம் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் ஆபத்தில் இருக்கிறது, விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் ஒரு காலைவிட இன்னொரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறவர் வருகிறார் என்று வையுங்கள். நீங்கள் உட்காரவைத்து, அந்த ஒற்றைச் செருப்பை மட்டும் மர அச்சில் மாட்டி, திருகி, நாளைக்கு வாருங்கள் என்கிறீர்கள். அதை வளாகத்தில் எந்தப் பையனும் செய்யமாட்டான், அச்சு என்றால் என்னவென்றே தெரியாது. வார் தைப்பது, அடி மாற்றுவது, குழந்தைகளின் பாதத்தை அளந்து அரை சைஸ் கூட்டிக் கொடுப்பது, இதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கெல்லாம் கூலி வாங்காமல் இத்தனை வருடம் ஓட்டியிருப்பீர்கள் என்றும் தெரியும். இனி வாங்குங்கள்.

கேள்வி: ஒரே தெருவில் ஏழு மூக்குக்கண்ணாடிக் கடை வரிசையாக இருக்கிறது. எட்டாவதாக வருகிறவரும் அங்கேயே வந்து உட்காருகிறார். ஊரில் வேறு இடமே இல்லையா?

பதில்: இடம் இருக்கிறது, ஆள் வராது. கண்ணாடி, நகை, துணி, கைபேசி எல்லாம் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கும் சாமான்கள். தனியாக ஒரு மூலையில் கடை போட்டால் அங்கே வருகிறவருக்கு ஒப்பிட வேறு கடை இல்லை, அதனால் வரவே மாட்டார். ஹரால்டு ஹோட்டெலிங் என்பவர் 1929-ல் இன்னொரு காரணமும் சொன்னார்: ஒரே நேர்த்தெருவில் ஒரே சாமானை விற்கும் இரண்டு பேர் தெருவின் இரண்டு முனைகளிலும் நின்றால், ஒவ்வொருவரும் மற்றவரின் வாடிக்கையைப் பிடிக்க நடுவை நோக்கி நகர்ந்து நகர்ந்து கடைசியில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள் என்று. நடந்து வருகிறவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. தேர்தலில் கட்சிகள் எல்லாம் ஒரே மாதிரி பேசுவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

கேள்வி: புது வளாகத்தில் முதல் மாடியில் கடை எடுக்கலாம் என்று நானும் தங்கையும் யோசிக்கிறோம். வாடகை சதுர அடிக் கணக்கில் கண்ணைக் கட்டுகிறது. தரைத்தளத்தில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் பெரிய கடைக்கு வாடகை ரொம்பக் குறைவு என்று காதில் விழுந்தது. உண்மையா? எடுக்கலாமா?

பதில்: உண்மைதான், உலகம் முழுக்க இப்படித்தான். அந்தப் பெரிய கடையை ஆங்கர் ஸ்டோர் என்பார்கள். கூட்டத்தை இழுத்துக்கொண்டு வருவது அதன் வேலை, அதற்குக் கூலியாகத்தான் குறைந்த வாடகை. அது கொண்டுவரும் கூட்டம் உங்கள் வாசலைக் கடந்து போகும் என்பதற்காக உங்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். அதாவது அந்தப் பெரிய கடையின் வாடகையில் ஒரு பங்கை நீங்கள் கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். தப்பில்லை, கூட்டம் நிஜமாகவே வந்தால்.

அதனால் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, அந்தப் பெரிய கடை திறக்கத் தாமதமானாலோ பாதியில் மூடிவிட்டுப் போனாலோ உங்கள் வாடகை குறையுமா, அபராதம் இல்லாமல் நீங்களும் காலி செய்யலாமா என்பதைத்தான். வெளிநாட்டு வளாகங்களில் கெட்டிக்கார வாடகைதாரர்கள் இதைத் தனி ஷரத்தாகவே எழுதி வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு நீட்டியிருக்கும் காகிதத்தில் அது அநேகமாக இருக்காது, கேட்டால்தான் வரும். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா, வருடத்துக்கு எவ்வளவு ஏறும், விற்பனையில் சதவீதம் கேட்கிறார்களா, எத்தனை வருடத்துக்கு வெளியேற முடியாது என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொல்வார்கள், எழுத்தில் வாங்குங்கள்.

முதல் மாடி பற்றி ஒன்று. அதே ஆட்கள் கட்டிய வேறு வளாகம் எங்கேயாவது இருந்தால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் எஸ்கலேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஏறுகிறவர்களை எண்ணவேண்டாம், ஏசிக்காகவும் செல்ஃபிக்காகவும் ஏறுகிறவர்களே பாதி இருப்பார்கள். இறங்குகிறவர்களின் கையைப் பாருங்கள். கடைப் பை இருக்கிறதா? பத்துப் பேர் இறங்கினால் எத்தனை பேர் கையில்? நானும் ஒரு காலத்தில் தலைகளை எண்ணி ஏமாந்து, ஒரு மாடியில் புத்தகக் கடை போட்டு, பதினோரு மாதத்தில் மூடியவன். கூட்டத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

கேள்வி: மால் என்பதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

பதில்: விக்டர் க்ரூயன், வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில் அவர் வடிவமைத்த சவுத்டேல், 1956-ல் திறக்கப்பட்டது, முழுக்க மூடிய குளிரூட்டிய நவீன மால்களுக்கு அதுதான் முன்மாதிரி. அவர் நினைத்தது என்னவோ கடைகளைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா என்று ஒரு புது ஊர் நடுவம். கட்டியவர்கள் கடைகளையும் பார்க்கிங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மனிதர் வெறுத்துப்போய், இந்தப் பிள்ளைகளுக்கு நான் அப்பன் இல்லை என்கிற அளவுக்குப் பேசினார். வயதான காலத்தில் வியன்னாவுக்கே திரும்பினார். 1976-ல் அந்த நகரத்தின் தெற்கு எல்லையிலும் ஒரு பெரிய மால் முளைத்தது.

கேள்வி: கடைத்தெருவில் வண்டிகளே வராமல் தடுத்து, தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் விடப்போகிறார்களாம். நாங்கள் வியாபாரிகள் எல்லாரும் எதிர்க்கிறோம். உங்கள் ஆதரவு வேண்டும்.

பதில்: முழு ஆதரவு தர முடியாது, மன்னியுங்கள். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவை 1962-ல் இப்படி மாற்றியபோதும் வியாபாரிகள் உங்களைப் போலவே கத்தினார்கள். இன்றைக்கு அந்த நகரத்தின் முக்கியக் கடைத்தெருவே அதுதான். ஆனால் 1959-ல் அமெரிக்காவின் கலமசூ என்ற சிறு நகரம், அந்த நாட்டிலேயே முதன்முதலில், தன் நடுத்தெருவை இப்படி மூடியது (திட்டம் போட்டுக் கொடுத்தது நம்ம க்ரூயன் ஆட்கள்தான்). 1998-ல் ஒரு பகுதியை மறுபடி வண்டிகளுக்குத் திறக்க வேண்டியதாகிவிட்டது. வித்தியாசம் எங்கே என்றால், தெருவுக்குப் பக்கத்தில் நடந்து வரும் தூரத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்களா, கடை மூடிய பிறகும் அங்கே யாருக்காவது வேலை இருக்கிறதா என்பதில். எல்லாரும் ஊருக்கு வெளியே குடிபோன பிறகு தெருவை மட்டும் அழகாக்கினால் வெறும் பூந்தொட்டிகள்தான் மிஞ்சும்.

எதிர்ப்பதற்கு முன்னால் ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்து பில் போடும்போது, எதில் வந்தீர்கள் என்று கேட்டுக் கோடு கிழித்துக்கொண்டே வாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். காரில் வருகிற வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று கடைக்காரர்கள் நினைத்தது நிஜத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கடைக்காரர் காரில் வருகிறார், அதனால் எல்லாரும் காரில் வருவதாக நினைக்கிறார். உங்கள் வாசலில் காலையிலிருந்து நகராமல் நிற்கும் வண்டி யாருடையது என்றும் பாருங்கள். பாதி நேரம் அது பக்கத்துக் கடை முதலாளியுடையதாக இருக்கும்.

சரக்கு இறக்கும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு.

கேள்வி: பெரிய கடைகள் வந்தால் நகராட்சிக்கு வரி கொட்டும், அதில் ரோடு போடலாம் என்கிறாரே எங்கள் வார்டு உறுப்பினர்?

பதில்: மொத்த வரியைச் சொல்லியிருப்பார், ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டீர்களா? வட கரோலினாவில் ஆஷ்வில் என்ற ஊரில் ஜோ மினிகோஸி என்பவர் இப்படி வகுத்துப் பார்த்தார். ஊருக்கு வெளியே முப்பத்துச் சொச்சம் ஏக்கரில் பரந்து கிடந்த வால்மார்ட் ஏக்கருக்குக் கட்டிய சொத்து வரியை, நகர நடுவில் கால் ஏக்கர்கூட இல்லாத மனையில் கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு என்று புதுப்பித்த ஒரு பழைய கட்டடம் ஏக்கருக்குக் கட்டியதோடு வைத்துப் பார்த்தால், பின்னது சுமார் நூறு மடங்கு. இதற்கு மேல், வெளியே இருப்பதற்குப் புதுச் சாலை, புதுச் சாக்கடை, விளக்கு எல்லாம் இழுக்க வேண்டும், நடுவில் இருப்பதற்கு ஏற்கெனவே இருக்கிறது. உறுப்பினரிடம் கால்குலேட்டரோடு போங்கள்.

கேள்வி: பெரிய கடைகளுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தால் என்ன?

பதில்: பிரான்ஸ் செய்து பார்த்தது. 1973-ல் ரோயே சட்டம், 40,000 பேருக்குக் குறைவான ஊரில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் கடை போடத் தனி அனுமதி வேண்டும் என்றது. 1996-ல் அந்த அளவை 300 சதுர மீட்டராக இறுக்கினார்கள். விளைவு, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பெரிய கடைகளுக்குப் போட்டியே இல்லாமல் போனது, அனுமதி கொடுக்கும் குழுக்களைச் சுற்றி லஞ்சப் புகார்கள் கிளம்பின. 2008-ல் மறுபடி 1,000-க்கே திரும்பினார்கள். பிரிட்டன் வேறு வழியில் போனது: கடை போடு, ஆனால் ஊர் நடுவில் இடம் இல்லை என்று முதலில் காட்டு, அப்புறம் வெளியே போகலாம் என்று 1990-களில் விதி வைத்தது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் வளாகம் வந்து, ஓடி, மூடியும் விட்டார்கள். கால்பந்து மைதானம் அளவுக் கட்டடம் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை என்னதான் செய்வது?

பதில்: முதலில் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காலி செய்து போகும் பெரிய கடைகள் சில இடங்களில், இதே வியாபாரம் செய்யும் இன்னொருவருக்கு இந்தக் கட்டடத்தை விடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போவதுண்டு. ஆறு வருடம் பூட்டிக் கிடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கடையாக விட முடியாவிட்டால் கடை அல்லாததை யோசிக்க வேண்டியதுதான். டெக்சஸில் மெக்காலன் என்ற ஊரில் காலியாகக் கிடந்த வால்மார்ட் கட்டடத்தைப் பொது நூலகமாக மாற்றி 2011 கடைசியில் திறந்தார்கள். சுவர் குறுக்கே வராத ஒரே தளம், வண்டி நிறுத்த ஏராளமான இடம், சக்கர நாற்காலிக்குப் படியே இல்லை, நூலகத்துக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறதா என்று மட்டும் எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.