எந்த சீசனைக் கேட்கிறீர்கள், தம்பி?

கேள்வி: வெளியூர் வண்டிகள் மலையேற ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்ததிலிருந்து சீசன் படுத்துவிட்டது. இரண்டு மாத சீசனை நம்பித்தான் இந்த மலையே பிழைக்கிறது. நீங்கள் இ-பாஸை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
— வாடகைக் கார் ஓட்டும் ஒரு வாசகர், குன்னூர்

பதில்: ஆதரிக்கிறேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'சீசன்' என்ற சொல். நான்கு வரிக்குள் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. முதலில் அதை முடித்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண் குழந்தை தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "வருஷத்துக்கு எத்தனை பருவம், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ரெண்டு தாத்தா. ஃபர்ஸ்ட் சீசன், செகண்ட் சீசன்" என்றாள். அவள் அம்மாவும் நானும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஏப்ரல், மே வந்தால் முதல் சீசன், செப்டம்பர், அக்டோபர் வந்தால் இரண்டாம் சீசன். பேச்சு தெரிந்த நாளிலிருந்து வீட்டில், கடையில், பஸ்ஸில் அவள் கேட்டது அதுதான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலையில் பிறந்த குழந்தைக்கு மலையின் பொழுது தெரியவில்லை, மலைக்கு வருகிறவர்களின் பொழுது தெரிந்திருக்கிறது.

நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் என்ன சொல்கிறது? குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நேரம் நடுராத்திரி. இதை எழுதியவர்களுக்கு மலை தெரிந்திருக்கிறது. கூதிர் என்றால் நமக்கு என்ன? 2009 நவம்பர். கார்த்திகை பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டு, குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மலை சரிந்து, 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். முன்பனி என்றால் விடியற்காலையில் தலைக்குந்தா புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடப்பது, அந்தப் பனியில் தேயிலை கருகி, கொழுந்து இல்லாமல் கூலியும் இல்லாமல் போவது. இந்த நான்கு மாதத்தை யாராவது சீசன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

யாமத்தையும் சொல்லிவிடுகிறேன். முத்தோரை பாலாடா பக்கம் ஒருநாள் ராத்திரி போய்ப் பாருங்கள். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். விடிவதற்குள் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டி ஏலத்துக்கு லாரி போய்ச் சேர வேண்டும். கழுவின கேரட்டைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அந்தக் கையோடுதான் காலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறார்கள். குறிஞ்சிக்கு யாமம் என்றது இன்றைக்கும் பொய்யில்லை.

சரி, இந்த 'சீசன்' எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இங்கே ஏறி வந்தார். 1822இல் ஊட்டியில் கல் பங்களா வேலையைத் தொடங்கினார். ஏரியும் அவர் வெட்டியதுதான். கீழே வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஏற, சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகரமாகவே ஊட்டி ஆனது. கோடை வந்தால் கவர்னர் மேலே, கோப்புகள் மேலே. சில மாதம் கழித்து எல்லாம் கீழே. அவர்கள் இங்கே இருக்கும் காலத்துக்குப் பெயர் சீசன். அவர்கள் இல்லாத காலத்துக்குப் பெயரே கிடையாது. தோடரும் கோத்தரும் படுகரும் அப்போதும் பன்னிரண்டு மாதமும் இங்கேதான் இருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், காலண்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ரோடு போடுவது சீசனுக்கு முன்னால். விளக்கு மாற்றுவது சீசனுக்கு முன்னால். நான் இருக்கும் தெருவில் கோடையில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிறது. அதே நாட்களில் தெருமுனைப் பூந்தொட்டிகளுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. பூ மேல் எனக்குக் கோபமில்லை. லாரியைப் பார்த்துக் குடத்தோடு ஓடி வந்து, பூவுக்கு என்று தெரிந்ததும் திரும்பிப் போன பாட்டியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மே மாதத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு சீசன். சிறு தேயிலை விவசாயிக்கும் அதுதான் சீசன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கோடை மழை விழுந்ததும் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். ஃபேக்டரியில் இடம் போதாது. ஆளுக்கு இத்தனை கிலோதான் என்று கோட்டா போடுவார்கள், விலையும் இறங்கும். கிலோ 20 ரூபாய்க்குக் கீழே போன மாதங்களைப் பார்த்த விவசாயிகள்தான் இங்கே பாதிப்பேர். பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் இறுகிக் கிடந்தால் சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்த இலைக்கு ஃபேக்டரியில் கழிவு போடுவார்கள், அதாவது எடையைக் குறைத்து எழுதுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கட்டபெட்டு கூட்டு ரோட்டில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் கார்கள். எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி, நிறையக் கொழுந்துச் சாக்கு. சாக்குகள் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சாக்கின் வாய்க்கட்டைத் தளர்த்தி, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதுபோல. அப்புறம் இலையைக் கிளறி, காற்றுப் பட விரித்துவிட்டு, அடுத்த சாக்குக்குப் போவார். இப்படி இரண்டு மணி நேரம். பக்கத்துக் காரில் இருந்து ஒரு பையன் அவரைப் போட்டோ எடுத்தான். அவர் நிமிரவே இல்லை. வண்டி நகர ஆரம்பித்தபோது, "எவ்வளவு கழிவு போடுவாங்கம்மா?" என்று கேட்டேன். "கையெல்லாம் சுடுதுங்க" என்றார், அவ்வளவுதான்.

நான் இ-பாஸை ஆதரிப்பதற்குக் காரணம் அந்தக் கைதான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டு, மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. முதலில் வெறும் கணக்கெடுப்புதான், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025இல் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் நம் வியாபாரிகள் ஒருநாள் கடையை அடைத்துப் போராடினார்கள். அவர்கள் கவலை நியாயமானது. லாட்ஜ் குத்தகை, வண்டிக் கடன், கடை வாடகை எல்லாவற்றையும் அறுபது நாளில் சம்பாதித்து முடிக்க வேண்டியிருப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டி டிஎன் 43 தானே? உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை. அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. ரயிலுக்கும் தேவையில்லை. வெளியூர்க்காரர் சொந்தக் காரில் ஏறி வந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? தொட்டபெட்டா ரோட்டில் அவர் காருக்குப் பின்னால் நிற்கும் பாக்கியம் கிடைக்கிறது, டீசல் செலவாகிறது. அவரே மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினால், அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவார். காருக்கு நாலு பேர் என்றால் 6,000 காரில் 24,000 பேர். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் அது 480 நடை. அரசு பஸ் ஏற்றும் கூட்டத்துக்கு நீதிமன்றம் வரம்பே போடவில்லை. அப்படியானால் உங்கள் சங்கம் கேட்க வேண்டியது எது? இ-பாஸை எடு என்பதா, மேட்டுப்பாளையத்தில் பெரிய நிறுத்துமிடமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் கொடு என்பதா? கடையடைப்பில் இரண்டாவதைக் கேட்டிருந்தால் நானும் பத்திரிகை அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன்.

பஸ் என்றதும் இன்னொன்று. இந்தப் பக்கத்தைப் பல வருடமாகப் படிக்கிறவர்களுக்கு இது அலுத்திருக்கும், இருந்தாலும் எழுதுவேன். மலைப் பாதையில் நாலு மணி நேரம் நெரிசலில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் கைக்குழந்தையோடும் வயதான மாமியாரோடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்வாள்? பயணியானாலும் நம் ஊர்ப் பெண்ணானாலும் உடம்பு ஒன்றுதான். தண்ணீர் குடிக்காமலே மலை ஏறிப் பழகிவிட்டார்கள் நம் பெண்கள். அதைப் பழக்கம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

'முடியாது, நடைமுறைக்கு ஒத்துவராது' என்று இ-பாஸைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு பாட்டில் கதையை நினைவுபடுத்துகிறேன். மதுக்கடை பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் 2022இல் முதலில் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான். குடித்தவன் எங்கே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரப்போகிறான் என்று பேசாதவர் இல்லை. வந்தான். அவன் வராவிட்டால் பொறுக்கியவர் கொண்டுவந்து கொடுத்தார். யானை நடக்கும் காட்டிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நடக்கும் தேயிலைக் காட்டிலும் கண்ணாடிச் சில் குறைந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. 10 ரூபாய்க்கு அந்த வேலை நடந்தால், மேட்டுப்பாளையம் நிறுத்துமிடமும் நடக்கும்.

அப்புறம் ஒரு பழைய சண்டை. ஒவ்வொரு மே மாத இதழுக்கும் மலர்க்கண்காட்சிப் படத்தை அட்டையில் போடச் சொல்லிக் கடிதம் வருகிறது. நான் போடுவதில்லை. அந்தக் கோபத்தில் சந்தாவை நிறுத்திய மூத்த வாசகர் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, கடைவீதியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ஐயா, இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். தாவரவியல் பூங்காவின் பூக்களை நானும் போய்ப் பார்க்கிறேன், ரசிக்கிறேன். பனி விழும் இரவுகளில் அந்த நாற்றுகளைப் போர்த்திக் காப்பாற்றும் தொழிலாளிகளைப் பற்றி நாம் இரண்டு கட்டுரை போட்டோம். பூவை மட்டும் படம் பிடிக்க மே மாதத்தில் ஆயிரம் கேமரா வருகிறது. நம் பத்திரிகைக்கு அட்டை ஒன்றுதான்.

தம்பி, வரும் மே மாதத்து ஞாயிறு ஏதாவது ஒன்றில், உங்கள் வண்டி எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு நகர்ந்தது, முன்னால் இலை வண்டியோ ஆம்புலன்ஸோ நின்றதா என்று ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். உங்கள் ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களையும் எழுதச் சொல்லுங்கள். இ-பாஸுக்கு எதிராக எழுதினாலும் ஒரு வரி வெட்டாமல் போடுவேன். அட்டைக்குப் படம் முடிவாகிவிட்டது. வாய் அவிழ்த்த கொழுந்துச் சாக்கு, அதற்குள் முழங்கை வரை போன ஒரு கை.