கடற்கரை விடுமுறை: பணம் கட்டும் முன் கடலைப் பாருங்கள்

கேள்வி: வெயில் காலத்தில் ஒரு வாரம் கடற்கரையில் தங்க நினைக்கிறோம். ஒரே நாட்டில் இரண்டு ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் அறை வாடகை மற்றதில் கிட்டத்தட்டப் பாதி. ஓட்டல் நல்ல தரம்தான். துணிந்து பதிவு செய்யலாமா?

பதில்: போகப்போகும் மாதத்தை நீங்கள் எழுதவில்லை. பதில் அந்த மாதத்தில்தான் இருக்கிறது. கடற்கரையில் ஒரு நல்ல ஓட்டல் திடீரென்று பாதி விலைக்கு இறங்கினால், பெரும்பாலும் அங்கே கடல் இறங்க முடியாத நிலையில் இருக்கும் காலம் அது.

ஒரே நாடு என்றால் ஒரே பருவம் என்று எண்ணிவிடக் கூடாது. தாய்லாந்தில் புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையும் பெரிய அலையும். எதிர்ப்பக்கம் வளைகுடாவில் இருக்கும் சமுய் தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. இலங்கையிலும் இப்படித்தான். தென்மேற்குக் கரைக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கிழக்கே நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் மே முதல் செப்டம்பர் வரை. சில மணி நேரச் சாலைப் பயணத்தில் ஒரு கரையில் சிவப்புக் கொடி பறக்கும், மறு கரையில் குழந்தைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கரீபியன் பக்கம் போவதாக இருந்தால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். தெற்கே ஒதுங்கியிருக்கும் அரூபா, குராசோ போன்ற தீவுகளைப் புயல் தாக்குவது அபூர்வம் என்பதால் அந்த மாதங்களிலும் பலர் அங்கே போகிறார்கள்.

காற்று சூடாக இருந்தால் தண்ணீரும் சூடாக இருக்கும் என்பதும் சரியில்லை. கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். மத்தியதரைக் கடலில் மே மாத வெயில் இதமாக இருக்கும், தண்ணீரோ சில்லென்றிருக்கும். செப்டம்பரில் கூட்டம் குறைந்த பிறகும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். எனக்கு அந்த மாதம்தான் பிடிக்கும். அடியாழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வரும் கரைகளில் கோடையிலும் நீந்த முடியாது. சான் பிரான்சிஸ்கோ அப்படி ஓர் இடம். கேப் டவுனில் அட்லாண்டிக் பக்கம் நீர் உறைய வைக்கும். அதே நகரத்தின் மறுபக்கம் ஃபால்ஸ் வளைகுடாவில் சில டிகிரி கூடுதல். ஆகவே அந்த ஊரின் சராசரிக் கடல் நீர் வெப்பநிலையை மாதவாரியாகத் தேடிப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் என்றால் குழந்தைகள் மணிக்கணக்கில் விளையாடலாம். 20க்குக் கீழ் என்றால் இறங்கிய வேகத்தில் ஏறிவிடுவார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அந்தப் பாதி விலை நியாயமாகத் தோன்றினால், சரி, எடுங்கள். ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டும் எடுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் 'கடல் பார்வை அறை' என்றும் 'கடற்கரை முகப்பு' என்றும் தனித்தனி விலை. என்ன வேறுபாடு?

பதில்: கடற்கரை முகப்பு என்றால் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவே வேறு எதுவும் இருக்கக் கூடாது. கடல் பார்வை என்றால் ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறது, அவ்வளவுதான். கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், நடுவே நெடுஞ்சாலை ஓடலாம். 'பகுதி கடல் பார்வை' என்பது பால்கனியில் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தால் தெரிவதாகவும் இருக்கலாம். 'கடற்கரைக்கு 5 நிமிடம்' என்று போட்டிருந்தால் நடந்தா, வண்டியிலா என்று கேளுங்கள். இந்தச் சொற்களை ஒவ்வொரு ஓட்டலும் தன் வசதிக்கு வளைக்கிறது என்பதால் நான் பெயரை நம்புவதில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, கட்டடத்திலிருந்து மணல் வரை அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சாலை, பாறை, கட்டுமான வேலை, படகுத்துறை எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் விருந்தினர்கள் போட்ட படங்கள். ஓட்டல் போடும் படம் ஆண்டின் மிக நல்ல நாளில், மிக நல்ல நேரத்தில் எடுத்தது. நீங்கள் போகும் அதே மாதத்தில் மற்றவர்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி விஷயத்தில் இது மிக முக்கியம். 2011லிருந்து கரீபியன் கரைகளிலும் மெக்சிகோவின் கிழக்குக் கரையிலும் அது கோடை மாதங்களில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. மணலில் கிடந்து அழுகும்போது கெட்ட முட்டை நாற்றம் அடிக்கும். வெள்ளை மணலும் நீலத் தண்ணீருமாகப் பார்த்த படத்தை நம்பிப் போனவர்கள் முட்டளவு பாசியைத் தாண்டித்தான் கடலைத் தொட வேண்டியிருக்கும். அதே மெக்சிகோவில் கோசுமெல் தீவின் மேற்குக் கரையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பாசி வந்து மோதுவது கிழக்குப் பக்கம்.

இன்னொன்று, அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று நாளுக்கு இவ்வளவு சேர்ப்பார்கள். சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும் தனியாகவும் வாங்குவார்கள். கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையை வைத்துத்தான் இரண்டு ஓட்டல்களை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகள். எனக்கும் மனைவிக்கும் நீச்சல் சுமார்தான். எதைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் அந்தக் கடற்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்கள் எந்த மாதங்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது கரையின் அமைப்பு. பவளப்பாறை அரணாக நிற்கும் கரைகளிலும், உள்வாங்கிய குடாக்களிலும் அலை உடைந்து அடங்கித்தான் உள்ளே வரும். முன்பு சொன்ன பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. செங்குத்தாக இறங்கும் மணற்கரையில் அலை நேராகக் காலடியில் வந்து விழும். பெரியவர்களையே புரட்டிப் போட்டுவிடும்.

இழுவை நீரோட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பார்க்க ஆபத்தாகத் தெரியாது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டில் இருக்கும் பள்ளத்தின் வழியே அது ஒரு குறுகிய ஓடையாகக் கடலுக்குள் பாயும். கரையிலிருந்து பார்த்தால் இருபுறமும் வெள்ளை நுரையாக அலை உடையும், நடுவே ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாக இருக்கும். அலை இல்லையே என்று பிள்ளைகளை அங்கேதான் இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள், அதுதான் இழுக்கும் இடம். அமெரிக்காவில் அலைக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த நீரோட்டத்தால் வருபவை என்று அவர்களுடைய சங்கமே சொல்கிறது. சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. ஒலிம்பிக் நீச்சல் வீரரை விட வேகமாக அது ஓடக்கூடும். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். அது உங்களை ஆழத்துக்குள் அமுக்காது, வெளியேதான் இழுத்துப் போகும். பயந்து கைகால் அடித்துக் களைத்துப் போவதுதான் உயிரைப் பறிக்கிறது.

கொடிகளைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இருக்கும் இரு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளரின் கண்காணிப்பு உண்டு. தனிச் சிவப்பு ஆபத்து. பல இடங்களில் ஊதாக் கொடி ஏற்றினால் ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை உயிருக்கே ஆபத்தான பெட்டி ஜெல்லிமீன்கள் வரும். அங்கே வலை கட்டிய பகுதியில்தான் இறங்க வேண்டும்.

'நீலக் கொடி' சான்று பெற்ற கடற்கரையா என்றும் பார்க்கலாம். 1985இல் பிரான்சில் தொடங்கிய இந்தத் திட்டம் நீரின் தரம், பாதுகாப்பு, கழிப்பறை, குப்பை மேலாண்மை எல்லாவற்றையும் சோதித்துத் தருகிறது. அது ஒரு சீசனுக்கு மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பெற வேண்டும். பழைய கொடியின் படத்தை இன்னும் போட்டு வைத்திருக்கும் விளம்பரங்கள் உண்டு என்பதால் திட்டத்தின் சொந்தப் பட்டியலில் சரிபாருங்கள். எந்தச் சான்று இருந்தாலும் கனமழைக்குப் பிறகு ஓரிரு நாள், ஆற்று முகத்துவாரத்துக்கும் வடிகாலுக்கும் அருகே குளிக்க வேண்டாம்.

கேள்வி: புகழ்பெற்ற கடற்குகை, தீவு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடுவது நல்லதா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. ஹவாயின் ஹனாவ்மா வளைகுடாவுக்கு வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மூடியிருக்கும். தாய்லாந்தின் மாயா வளைகுடாவைப் பவளம் மீள்வதற்காக 2018இல் மூடி 2022இல் திறந்தார்கள். இப்போதும் ஆண்டுதோறும் சுமார் இரண்டு மாதம் மூடுகிறார்கள், நீந்த அனுமதி இல்லை. இவற்றுக்கெல்லாம் தேதியைப் பார்த்து முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

கடலின் மனநிலையை நம்பியிருக்கும் இடங்கள் வேறு வகை. இத்தாலியின் காப்ரி தீவில் நீலக் குகையின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். சின்னத் துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகோட்டி பாறையில் கட்டிய சங்கிலியைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோவார். கொஞ்சம் அலை எழுந்தாலும் மூடிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தைப் பயணத்தின் முதல் நாளில் வையுங்கள். தவறினால் மீதி நாட்கள் கையில் இருக்கும். படகுச் சுற்றுலா வாங்கும்போது வானிலையால் ரத்தானால் பணமா, மாற்று நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் வற்றும்போது மட்டும் காணக் கிடைக்கும் பாறைக் குட்டைகள், நடந்து போகும் தீவுகள் இருந்தால் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை கட்டாயம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் நடந்த கடற்தரை ஆறு மணி நேரத்தில் நீருக்கடியில் போய்விடும். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

கேள்வி: எந்த சன்ஸ்கிரீன் வாங்குவது?

பதில்: போகும் இடத்தின் சட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்தவற்றைப் பவளத்தின் நன்மைக்காக ஹவாய் 2021லிருந்து கடைகளில் விற்கத் தடை செய்திருக்கிறது. பலாவு நாட்டில் 2020லிருந்தே தடை. அந்த இரண்டும் இல்லாத, துத்தநாக ஆக்சைடு கலந்தது பெரும்பாலான இடங்களில் பொருந்தும். குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை அதைவிட நல்லது.

கேள்வி: புயல் வருகிறது என்று செய்தி. ஓட்டல் பணம் தர மறுக்கிறது. இப்போது பயணக் காப்பீடு எடுத்தால் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீட்டில் அந்தப் புயலைச் சேர்க்க மாட்டார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே எடுத்திருந்தால்தான் பயன்.

இனி செய்யக்கூடியது: பதிவின்போது வந்த ரத்து விதிகளை எடுத்துப் படியுங்கள். விமான நிறுவனம் விமானத்தை ரத்து செய்திருந்தாலோ, அரசு அந்த ஊரைக் காலி செய்யச் சொல்லியிருந்தாலோ, அந்த அறிவிப்பை இணைத்து ஓட்டலுக்கு எழுத்தில் கேளுங்கள். பணம் தர மறுக்கும் பலரும் தேதியை மாற்றித் தரச் சம்மதிப்பார்கள், அதையாவது கேட்டு வாங்குங்கள். முன்பதிவுத் தளம் வழியே எடுத்திருந்தால் அவர்களுக்கும் அதே கடிதம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, ஓட்டலே மூடிவிட்டதால் சேவை கிடைக்காமல் போனால், வங்கியிடம் கட்டணத்தை மறுத்து முறையிட வழி உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கும், அதனால் இந்த வாரமே வங்கியைக் கூப்பிடுங்கள்.