பதிவோடு பதிவைக் கோப்பது எப்படி? அண்ணாச்சி பதில்கள்

பார்த்த உயிர்களைப் படத்தோடு பதிகிற ஐநேச்சுரலிஸ்டிலும், பறவைப் பட்டியல் போடுகிற இ-பேர்டிலும் தொடர்புள்ள பதிவுகளை இணைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது.

அம்பாசமுத்திரம் வாசகி: வீட்டுப் பக்கத்து எருக்கஞ்செடியில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கடைசியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வரை எடுத்து எல்லாவற்றையும் ஒரே பதிவில் போட்டுவிட்டேன். தப்பா அண்ணாச்சி?

தப்புதான் தங்கச்சி, ஆனால் சரிசெய்துவிடலாம். ஒரு பதிவு என்றால் ஓர் உயிர், ஒரு நேரம், ஓர் இடம். நாள் மாறினால் வேறு பதிவு. இப்போது உங்கள் பதிவில் முட்டையின் தேதிதான் இருக்கிறது, பட்டாம்பூச்சியும் அன்றைக்கே பறந்ததாகத்தான் கணக்காகும். படங்களை நாள்வாரியாகப் பிரியுங்கள். அப்புறம் ஐநேச்சுரலிஸ்ட் வெப்சைட்டில் 'சிமிலர் அப்சர்வேஷன் செட்' என்ற ஃபீல்டை (கூடுதல் விவரம் எழுதும் கட்டம்) சேர்த்து, முதல் பதிவின் லிங்கை எல்லாப் பதிவிலும் போடுங்கள், முதல் பதிவிலும்தான். அந்த லிங்கை வைத்துத் தேடினால் தொகுப்பு முழுவதும் ஒன்றாக வந்துவிடும்.

எருக்குக்கும் தனியாக ஒரு பதிவு வேண்டும். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்பதை அதற்கான ஃபீல்டில் குறித்தால், எது எதைத் தின்கிறது, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்றெல்லாம் உலகம் முழுவதுமிருந்து திரட்டும் குளோபி தரவுத்தளம் அதை எடுத்துக்கொள்ளும். வெறும் பட்டாம்பூச்சிப் படத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்று கவனியுங்கள். வெந்தய வரியன் முட்டைகளை ஒவ்வொன்றாகத்தான் இடும், ஆனால் ஒரே செடியில் நாலைந்து புழு இருப்பது சாதாரணம். தினமும் பார்த்தது அதே புழுதான் என்று உறுதியில்லை என்றால் குறிப்பில் 'அதே செடி' என்று எழுதுங்கள், 'அதே புழு' என்று எழுதாதீர்கள்.

வள்ளியூர் தம்பி: குயில் குஞ்சுக்குக் காக்கா இரை ஊட்டுகிற படம். யார் பெயரில் போட?

இரண்டு பேர் பெயரிலும். பதிவை டூப்ளிகேட் செய்து ஒன்றில் குயில், ஒன்றில் காகம் என்று வையுங்கள். இதன் லிங்க் அதில், அதன் லிங்க் இதில். ஒரு பக்கம் மட்டும் லிங்க் கொடுப்பது ஒருவழிப் பாதை, காகத்தின் பதிவுக்கு வருகிறவனுக்குக் குயில் இருப்பதே தெரியாது.

நாங்குநேரி வாசகர்: ஒரே படத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இருந்தால்?

மேலே வள்ளியூர்த் தம்பிக்குச் சொன்னதேதான்.

பாளையங்கோட்டை வாசகர்: நாலு பேர் சேர்ந்து விஜயநாராயணம் குளத்துக்குப் போனோம், நாலு பேரும் இ-பேர்டில் தனித்தனியாகப் பட்டியல் போட்டோம்.

ஒருவர் போட்டு மற்ற மூவருக்கும் ஷேர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குளத்தில் இருந்த நூறு வாத்து நானூறு ஆகிவிடும்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: தேவாங்கு பார்த்தேன், இடத்தை மறைத்துப் பதிந்தேன். அது இருந்த மரத்தையும் தனியாகப் போட்டு லிங்க் கொடுத்துவிட்டேன்.

உடனே லிங்கை எடுங்கள், பதில் எழுதுவதெல்லாம் அப்புறம். இடத்தை மறைத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் வெளியே தெரியும். அம்பாசமுத்திரத்தில் பார்த்தது சேரன்மாதேவியில் பார்த்ததுபோல நிற்கும். தேதியையும் மறைத்து மாதத்தை மட்டும்தான் காட்டுவார்கள். நீங்கள் கொடுத்த லிங்க் வழியாக மரத்தின் பதிவுக்குப் போனால் இடமும் நாளும் நேரமும் அப்படியே கிடக்கிறது. மறைத்ததற்கு என்ன பலன்?

கூந்தன்குளம் வாசகர்: இதை ஒத்துக்கொள்ள முடியாது அண்ணாச்சி. எங்கள் ஊரில் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, ஊரே காவல். யாரிடமிருந்து மறைக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் ஊரில் எதையும் மறைக்க வேண்டாம். 1994 முதல் சரணாலயம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்தாயிற்று. தாராளமாக மரம் மரமாகக் கூடுகளைப் பதிந்து, வருடா வருடம் அதே மரத்தின் பழைய பதிவோடு கோத்துவிடுங்கள். அந்த வேலையை வெளியூர்க்காரன் வந்து செய்ய முடியாது. தேவாங்குக்கு அப்படி ஊர்க்காவல் இல்லையே.

திசையன்விளை வாசகர்: அப்போ எங்கள் பக்கத்து நட்சத்திர ஆமையை மறைக்கச் சொல்வீர்கள். எங்கள் ஊர்க்காரன் திருடன், கூந்தன்குளத்துக்காரர் உத்தமரா?

இப்படித் திருப்புவீர்கள் என்று தெரியும். உங்கள் ஊர்க்காரருக்கு ஆமை எங்கே மேயும் என்று போன் பார்த்தா தெரிய வேண்டும்? எங்கோ உட்கார்ந்து செல்லப்பிராணி வியாபாரத்துக்கு ஆமை தேடுகிறவனுக்குத்தான் வரைபடம் தேவை. பன்னாட்டு வணிகத்தை நிறுத்த 2019-ல் சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கே அதை ஏற்றினார்கள் என்றால் கடத்தல் எந்த அளவில் நடந்திருக்கும், பாருங்கள்.

கூந்தன்குளம் வாசகர்: சரி, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் தெரியாமல் போனால் என்ன புண்ணியம்?

நல்ல கேள்வி. நம்பிக்கையான ஆளுக்கோ ஒரு புராஜெக்டுக்கோ மட்டும் சரியான இடம் தெரியும்படி அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. ஆமைகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டுமானால் அந்த புராஜெக்டுக்குள்ளே செய்யுங்கள், வெளியே தெரியும் குறிப்பில் லிங்க் வேண்டாம். திசையன்விளைக்காரரே, கோபம் போயிற்றா?

முக்கூடல் வாசகர்: ஒரே படத்தில் இரண்டு பறவை...

மூன்றாவது தடவை. மேலே போய்ப் படியுங்கள்.

சுத்தமல்லி வாசகர்: வீட்டுக்குள் பாம்பு வந்திருக்கிறது, விஷமா?

இங்கே டைப் பண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்! தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று ஒரு கண் வைத்துக்கொண்டு 101-க்கு அடியுங்கள்.

மூலைக்கரைப்பட்டி தம்பி: வரித்தலை வாத்து ஒன்றின் கழுத்தில் பட்டை இருக்கிறது. போன வருடமும் பட்டையோடு ஒன்று பார்த்தேன். இரண்டையும் இணைக்கவா?

பட்டையில் உள்ள எழுத்தும் எண்ணும் இரண்டு படத்திலும் படிக்க முடிந்து, ஒன்றாகவும் இருந்தால் கண்டிப்பாக இணையுங்கள். மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்காக மாட்டிய பட்டையோடு இவை தென்னிந்தியக் குளங்கள் வரை வந்திருக்கின்றன, அதே வாத்து அதே குளத்துக்குத் திரும்புகிறதா என்பதற்கு இப்படிப்பட்ட ஜோடிப் பதிவுதான் சாட்சி. பட்டையின் நிறம், எழுத்து, எண் மூன்றையும் குறிப்பில் எழுதி, பட்டை மட்டும் தெரியும்படி வெட்டிய படத்தையும் சேருங்கள். ஓர் எழுத்து மங்கலாக இருந்தாலும் லிங்க் வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகவே விட்டுவிட்டு, தெரிகிற எழுத்தை மட்டும் குறித்து வையுங்கள். அதே குளத்தில் வேறு யாராவது தெளிவான படம் எடுத்திருக்கலாம்.