வாசகர் கேள்வி: கனடாவில் பனிக்கால ஃபின்ச் பறவைகள்

கேள்வி: வரும் பெப்ரவரியில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவிலுள்ள மகளிடம் செல்லவிருக்கிறேன். அங்கு கொல்லைப்புறத்தில் தீனி வைத்தால் விதை தின்னும் ஃபின்ச் என்ற அரிய சிறு பறவைகள் வடக்கிலிருந்து வருமாமே? அவற்றைக் காண எனக்கு வாய்ப்புண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்டு, ஆனால் அது குளிரைப் பொறுத்ததன்று, வடக்கே மரங்கள் எப்படிக் காய்த்தன என்பதைப் பொறுத்தது. நம்மிடம் ஆண்டு தவறாமல் வரும் ஆறுமணிக் குருவியைப் போல இவை காலக்கணக்கு வைத்துப் புறப்படுவதில்லை. ஸ்புரூஸ், பேர்ச் மரங்களில் விதை நிறைந்திருந்தால் எவ்வளவு பனி கொட்டினாலும் பல பறவைகள் வடகாடுகளிலேயே தங்கிவிடும். விளைச்சல் பொய்த்த ஆண்டில்தான் கூட்டங்கூட்டமாகத் தெற்கே இறங்கும். அவ்விளைச்சலைக் கொண்டு எந்தப் பறவை எதுவரை வரக்கூடும் என்று இலையுதிர்காலந்தோறும் ஒரு முன்னறிவிப்பு வெளியாகிறது. பறவையியலாளர் ரொன் பிற்றவே தொடங்கிய அப்பணியை 2020 முதல் டைலர் ஹோர் தொடர்கிறார். விமானச்சீட்டு எடுக்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.

மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நகர்ப்புறத் தீனித்தட்டுக்குப் பெரும்பாலும் ஊர்க்குருவிகளும் சிக்கடி என்னும் சிறு குருவிகளுமே வரும். ரொறன்ரோவிலிருந்து வாகனத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள அல்கொன்குவின் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். அங்கே 60ஆம் இலக்க நெடுஞ்சாலையிலுள்ள பார்வையாளர் நிலையத்தில் குளிர்காலத்தில் தீனி வைக்கிறார்கள்; கண்ணாடிக்கு உள்ளே நின்றே பார்க்கலாம் என்பது கொழும்பு வெயிலில் வளர்ந்த நமக்குப் பெரிய சலுகை. திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

முதலில் ஈவ்னிங் குரொஸ்பீக்கைத் தேடுங்கள். ஆணுக்கு நெற்றியில் மஞ்சள் பட்டை, சிறகில் வெள்ளைத் திட்டு, முகத்துக்குப் பொருந்தாத அளவு தடித்த அலகு. சூரியகாந்தி விதையை அவ்வலகிடையே உருட்டி உடைத்து, உமியை இருபக்கமும் சிந்திக்கொண்டு, தட்டைவிட்டு நகராமல் அமர்ந்திருக்கும். சிவப்புத் தொப்பியும் கறுத்த மோவாயுமுடைய சிறிய ரெட்போல் அதற்கு நேர்மாறு: விதைகளை அவசரமாகத் தொண்டைப் பையில் அடைத்துக்கொண்டு பறந்து, மறைவிடத்தில் இருந்து தின்னும். பைன் குரொஸ்பீக் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

நுனிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் அலகையுடைய குரொஸ்பில், கூம்புக்காய்களின் செதில்களை நெம்பி விதை எடுப்பது. தீனித்தட்டுக்கு அரிதாகவே வரும். பனிக்காகச் சாலையில் தூவிய உப்பும் மணற்பருக்கைகளும் பொறுக்க நெடுஞ்சாலையிலேயே இறங்குவதால், பூங்காவுக்குள் வாகனத்தை மெதுவாகச் செலுத்தும்படி மருமகனிடம் சொல்லிவையுங்கள்.