கண்ணாடி லிஃப்ட்டும் அரை மில்லிகிராம் மாத்திரையும்

கேள்வி: வயது 34. உயரம் என்றால் எனக்குப் பயம். அலுவலகம் 11ஆம் மாடிக்கு மாறியதால் விஆர் ஹெட்செட் (கணினிக் காட்சியை நிஜம்போலக் கண்முன் காட்டும் கருவி) வாங்கி, உயரக் காட்சிகளைப் பார்த்துத் தினமும் பயிற்சி செய்கிறேன். அதற்கு முன் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வேன், 4 மாதமாகிறது. கடையில் சீட்டில்லாமல் வாங்கியதுதான். ஹெட்செட்டைக் கழற்றியதும் என் கை யாருடையதோ போலத் தெரிகிறது. மாத்திரை போடாத நாளில் கை நடுங்குகிறது, தூக்கமில்லை. இது மனநோயின் ஆரம்பம் என்று இணையத்தில் இருக்கிறது. கண்ணும் கெடுமா?

பதில்: புத்தி பேதலிக்கிறதோ என்றுதான் பயப்படுகிறீர்கள். இல்லை. ஹெட்செட்டுக்குள் உங்கள் நிஜக் கை மறைந்து, வரைந்த கை ஒன்று தெரிகிறது. மூளை அதற்குப் பழகிவிட்டுத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும். கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் முகம் கழுவி, வெறுங்காலில் நடங்கள். கண் கெடாது, களைக்கும். மறுபடி ஹெட்செட் போடும்போது லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்களுக்கேற்பச் சரிசெய்து, 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். இணையத்தில் நோய் தேடுவதையும் நிறுத்துங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கை நடுக்கம்தான் எனக்குக் கவலை. உடல் அல்பிரசோலத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. பயந்துபோய் இன்றே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில், படிப்படியாக அவர் குறைப்பார். அதுவரை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மதுவைத் தொடவே கூடாது. வலிப்போ, குழப்பமோ, இல்லாத உருவம் தெரிவதோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து, அதாவது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியது. சீட்டில்லாமல் கடையில் கொடுத்திருக்கவே கூடாது.

ஹெட்செட்டையும் மருத்துவர் சம்மதிக்கும்வரை எடுத்து வையுங்கள். மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

பயிற்சி முறை நல்லதுதான். 1995லேயே அமெரிக்காவில் உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் கணினியில் வரைந்த பாலம், பால்கனி, கண்ணாடி லிஃப்ட் ஆகியவற்றைக் காட்டி உயரப் பயத்தைக் குறைத்தார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் டேனியல் ஃப்ரீமன் 100 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் பயம் நன்றாகவே குறைந்தது. ஆனால் பயம் ஏறி, தானாக இறங்குவதை மூளை அனுபவித்தால் பாடம் நன்றாகப் பதியும். மாத்திரை அந்த ஏற்றத்தையே மழுக்கிவிடுகிறது. ‘மாத்திரையால் தப்பித்தேன்’ என்றுதான் மூளை கற்கிறது.

மருத்துவர் சம்மதித்தபின் இப்படித் தொடங்குங்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் மாடி பால்கனி. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 60 என்றால், 30க்கு இறங்கும்வரை அதே காட்சியில் இருந்து கீழே பாருங்கள். கண்ணை மூடுவது, தொடுவானத்தைப் பார்ப்பது, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் பயத்துக்குத் தீனி. உச்சத்தில் ஹெட்செட்டைக் கழற்றினால் அடுத்த முறை பயம் கூடலாம். குமட்டல் வந்தால் மட்டும் உடனே கழற்றுங்கள். நகர்கிறோம் என்று கண் சொல்கிறது, நகரவில்லை என்று காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்கிறது, குமட்டலுக்குக் காரணம் அவ்வளவே. வாரம் மூன்று முறை போதும். ஒரு படி எளிதானதும் அதே உயரத்தில் நிஜ மாடிக்குப் போய் நில்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் லாபம் ஹெட்செட்டோடு நின்றுவிடலாம்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். சில நாள் இரண்டு போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறைக்கும் கணக்கு அதை வைத்துத்தான்.