கரைவலையில் வந்த காது எலும்பு

ஆந்திர எல்லையில், தடாவுக்குப் பக்கத்தில் உள்ள ஏரிக்கரை ஊரிலிருந்து ஒரு வாசகி படத்தோடு எழுதியிருக்கிறார். பழவேற்காடு முகத்துவாரத்தில் தாத்தாவின் கரைவலையில் சிக்கிய எலும்பு அது. சங்கு போல மடிந்து கருங்கல் கனம் கனக்கிறதாம். ஏழாவது படிக்கும் மகன், "குஜராத்தின் கச்சில் கிடைத்த, கால் முளைத்த ஆதித் திமிங்கிலம்தான் இது" என்று அடித்துச் சொல்கிறான். உண்மையா, யாரிடம் காட்டுவது என்று கேட்கிறார்.

மகன் சொன்னதில் பாதி சரி. இது திமிங்கிலத்தின் காது எலும்பு. பெரிய சோழி போல இருக்கிறது, பாருங்கள். ஒரு பக்க உதடு மெல்லிசு, எதிர்ப்பக்கம் உருண்டு தடித்திருக்கிறது. அந்தத் தடிப்புதான் திமிங்கிலக் குலத்தின் அடையாளம். 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய பாகிஸ்தானில் வாழ்ந்த பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலத்துக்கும் அது உண்டு, இன்றைய நீலத் திமிங்கிலத்துக்கும் உண்டு. ஜம்முவின் காலாகோட்டில் புவியியலாளர் ரங்கா ராவ் கண்டெடுத்து 1971இல் பெயரிட்ட இந்தோஹியஸ், திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவான, குட்டி மான் போன்ற ஒரு பிராணி. அதன் காதிலும் இதே தடிப்பு இருப்பதை 2007இல் தொல்லுயிர் ஆய்வாளர் தெவிசனின் குழு காட்டியது.

ஆக, இந்த எலும்பு குலத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. கனத்தை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். உயிருள்ள திமிங்கிலத்திலேயே இது கல் போல இறுகிய எலும்புதான்.

வயதைச் சொல்வது பாறை. பழவேற்காட்டு மணலுக்கும் சேற்றுக்கும் சில ஆயிரம் ஆண்டுகள்தான் வயது. கச்சின் ஹருடிப் பாறைகளோ 4 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. உங்கள் மகன் சொல்வது அங்கே கிடைத்த ரெமிங்டனோசீட்டஸாக இருக்கும். நீண்ட மூக்கு, சின்னக் கண், நான்கு கால். 1975இல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் அசோக் சாஹ்னியும் மிஸ்ராவும் அதைப் புரோட்டோசீட்டஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். 1986இல் கிஷோர் குமாரும் சாஹ்னியும் அதற்கென்றே தனிப் பேரினம் வகுத்தார்கள். தான் வைத்த பெயரைத் தானே திருத்த சாஹ்னி தயங்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

உங்களிடம் இருப்பது அண்மைக் காலத் திமிங்கிலத்தின் எலும்பு. அதனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். சூலூர்ப்பேட்டை வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். எந்த இடத்தில், எந்த வருஷம், எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழத்தில் வலை விரித்தது என்று தாத்தாவிடம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். இடம் தெரியாத எலும்பால் ஆராய்ச்சிக்குப் பெரிய பயன் இல்லை.

அப்புறம், மகன் ஏமாற வேண்டாம். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால் கணு எலும்பை வாங்கிக் கழுவிக் கொடுங்கள். இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பி போலப் பள்ளம் இருக்கும். 2001இல் ஆதித் திமிங்கிலங்களிலும் அதே வடிவக் கணு எலும்பு வெளிப்பட்டது. திமிங்கிலம் ஆடு, மான், நீர்யானையோடு சேர்ந்த இரட்டைக் குளம்பு வரிசையில் வந்தது என்பதற்கு எலும்புச் சான்று அதுதான்.