கடல் கலர் என்றால் எந்தக் கடல்?

வாடிக்கையாளர் "கடல் கலரில், சிம்பிளா, ஆனா எடுப்பா" ஒட்டுத்துணிப் போர்வை (துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பது) கேட்டாரென்று குழம்பியிருக்கிறீர்கள். விளக்கம் கேட்டு நச்சரிக்காதீர்கள், துணியைக் காட்டுங்கள். திருகோணமலையில் கடல் ஒரே நிறமா என்ன? உப்புவெளிக் கரையோரம் வெளிர்பச்சை, கோணேசர் கோயில் மலையடியில் கருநீலம். இரண்டிலும் துண்டுகள் வெட்டி, வெள்ளையோடு பாயில் பரப்பி, வேண்டாததை முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். பிடித்ததைச் சொல்லத் திணறுபவர்கள்கூடப் பிடிக்காததைச் சட்டென்று தள்ளிவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். ரியூப்லைட்டில் நீலமும் பச்சையும் ஏமாற்றும். அப்புறம் 12 அங்குலச் சதுரம் ஒன்று தைத்து, அவர் சரி சொன்ன பிறகே மிச்சத்தை வெட்டுங்கள். கருநீலப் பருத்தி சாயம் விடலாம், வெள்ளையோடு சேர்க்கமுன் அலசிப் பாருங்கள். மாதிரிச் சதுரத்துக்கும் காசு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.